தடயப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது? தமிழ்நாடு அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உள்துறைச் செயலாளர், மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், காவல்துறைத் தலைமை இயக்குநர், தடய அறிவியல் துறை இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒருவருக்கு மருத்துவமனையில் பரிசோதனை முடிந்ததும், அவர் உடலிலிருந்தும் உடையிலிருந்தும் எடுத்த தடயங்களை உறைகளில் போட்டு அரக்கு முத்திரை வைக்கிறார்கள். இந்த உறைகள் அடங்கிய தொகுப்பைத்தான் தடயப் பெட்டி என்கிறோம். அதன்பிறகு அந்த உறைகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருக்கும் வழி, காவல் நிலையத்துக்குப் போய்க் கேட்பதுதான். கேட்டால் "லேபுக்கு அனுப்பியாச்சும்மா" என்பதற்கு மேல் பதில் கிடைப்பது அரிது. எந்தத் தேதியில் அனுப்பினார்கள், ஆய்வகம் வாங்கிக்கொண்டதா, குறை சொல்லித் திருப்பியதா, அறிக்கை வந்துவிட்டதா என்று அடுத்தடுத்துக் கேட்டால், பதில் சொல்ல வேண்டிய எழுத்தரே இரண்டு மூன்று பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். நீதிமன்றத்துக்கு ஒரு போன் போட வேண்டும். அவர் வேண்டுமென்றே மறைக்கிறார் என்று நாங்கள் சொல்லவில்லை. கேள்விக்கான பதில் ஒரே இடத்தில் இல்லை என்கிறோம்.

மருத்துவம், தடய அறிவியல், சட்டம், ஆற்றுப்படுத்துதல் (கவுன்சலிங்) என வெவ்வேறு பக்கங்களிலிருந்து இந்த வழக்குகளில் வேலை செய்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு தடயப் பெட்டிக்கும் மருத்துவமனையிலேயே ஓர் எண் கொடுங்கள். வழக்கு முடியும்வரை அந்த ஒரே எண்ணில் அது பயணப்படட்டும். அந்த எண் பாதிக்கப்பட்டவர் கையிலும் இருக்கட்டும்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை மற்றும் வன்கொடுமை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்தவரை, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதும், ஆய்வகம் போகத் தாமதமானது ஏன் என்பதும் விளக்கப்படாமல் போனது அந்தத் தீர்ப்பில் பெரும் பங்கு வகித்தது. அதே தீர்ப்பில் நாடு முழுமைக்கும் சில கட்டளைகள் வந்தன. மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் அது ஆய்வகத்தைச் சேர வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். வழக்கு நீதிமன்றத்தில் நடக்கும் காலத்தில் அதன் அனுமதியின்றிப் பொட்டலத்தைத் திறக்கவோ மறுபடி முத்திரை வைக்கவோ கூடாது. மாதிரி எடுத்ததிலிருந்து தண்டனை அல்லது விடுதலை வரையிலான எல்லாக் கைமாற்றங்களும் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேடு நீதிமன்ற ஆவணத்தோடு சேர வேண்டும். அதற்கான மாதிரிப் படிவத்தைத் தயாரிக்கும் பொறுப்பை மாநிலக் காவல்துறைத் தலைவர்களிடம் நீதிமன்றம் ஒப்படைத்தது.

எங்கள் கவலை, அந்தப் படிவம் எழுத்தர் மேசையில் இன்னுமொரு நீள நோட்டாக முடிந்துவிடக்கூடாது என்பது. வழக்கு நீதிமன்றம் போனபின், விட்டுப்போன வரிகளை ஒரே பேனாவில் நிரப்பிய பதிவேட்டைக் குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடலாம். கைமாறும் நொடியில் பதிவாகிற, பிறகு அழிக்க முடியாத பதிவுதான் நிற்கும். அப்படி ஒன்று இருந்தால், பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்வதற்குத் தனியாக வேலை எதுவும் தேவைப்படாது. அவர் பார்க்கும் சன்னல் அந்தப் பதிவிலேயே திறக்கும்.

பெட்டி இன்று போகும் பாதையைப் பாருங்கள். பணி மருத்துவர் மாதிரி எடுக்கிறார். முத்திரையிட்ட உறைகளைப் பெண் காவலர் ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார். நிலையத்தில் எழுத்தர் பதிகிறார். படிவம் 95-இல் அவை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகின்றன. ஆய்வுக்கு அனுப்பக் கோரி விசாரணை அதிகாரி மனு கொடுக்கிறார். நீதிமன்றத் தலைமை எழுத்தர் கடிதம் தயாரிக்கிறார். காவலர் ஒருவர் அதோடு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். ஆய்வகம் முத்திரையைச் சரிபார்த்து வாங்குகிறது, பிரிவு பிரிவாக ஆய்வு நடக்கிறது, அறிக்கை நீதிமன்றத்துக்கு வருகிறது, நகல் விசாரணை அதிகாரிக்குப் போகிறது. இந்த வழியில் மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டு) எண் ஒன்று, காவல் நிலையக் குற்ற எண் ஒன்று, நீதிமன்றச் சொத்துப் பதிவேட்டு எண் ஒன்று, ஆய்வக எண் ஒன்று என்று ஒரே பொட்டலம் நாலு பெயர் பெறுகிறது. நாலையும் ஒரே வரியில் வைத்திருப்பவர் எவருமில்லை.

இந்தப் பாதையில் 48 மணி நேரம் என்ற கெடுவை எப்படிக் காப்பது என்பதையும் பேசியாக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த மாதிரி நீதிமன்ற அலுவலகத்தைத் தாண்டுவதற்குள் திங்கள் மதியம் ஆகிவிடும். கெடு அதற்கு முன்பே முடிந்திருக்கும். பொங்கல் விடுமுறை, கோடை விடுமுறை என்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே இத்தகைய மாதிரிகள் மருத்துவமனையிலிருந்தோ நிலையத்திலிருந்தோ நேராக ஆய்வகம் போகவும், மாஜிஸ்திரேட்டுக்கு அதே நேரத்தில் படிவமும் எண்ணும் போய்ச் சேரவும் உயர் நீதிமன்றத்தோடு பேசி நிலையான சுற்றறிக்கை ஒன்று வாங்க வேண்டும். ஆய்வக வாசலிலும் ஞாயிற்றுக்கிழமை பொட்டலம் வாங்க ஒரு ஆளும் பூட்டுள்ள ஒரு குளிர்பெட்டியும் வேண்டும். இவை இல்லாமல் மென்பொருளை மட்டும் கொண்டுவந்தால், தாமதத்தைத் துல்லியமாகப் பதிவு செய்வதோடு அது நின்றுவிடும்.

பெட்டிக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாமதம் எதைக் கெடுக்கிறது என்பது அங்கேதான் தெரிகிறது. 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், தடயப் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலிடுகின்றன: உடை மாற்றும்போது உதிர்வதைப் பிடிக்க விரிக்கும் பெரிய காகிதம், துணிக்குக் காகிதப் பைகள், ஸ்டெரைல் பஞ்சுக்குச்சிகள், கண்ணாடித் தகடுகள், சீப்பு, நகவெட்டி, காய்ச்சி வடித்த நீர், ரத்தக் குழாய்கள், சிறுநீர்க் குப்பி, உறைகள், லேபிள்கள், அரக்கு. மத்தியக் காவல் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகமும் இத்தகைய பெட்டிகளை மாநிலங்களுக்கு விநியோகித்திருக்கிறது. பெட்டி தீர்ந்துபோன மருத்துவமனையிலும் இந்தப் பொருட்களைத் திரட்டி வேலையைச் சரியாகச் செய்யலாம். கெடுவது பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிடத்தில்.

பஞ்சுக்குச்சியை ஈரத்தோடு உறையில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அடுத்த பிரசவ கேஸ் காத்திருக்கும்போது, குச்சி காயக் காத்திருக்க மனம் வராது. ஈரம் இருந்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து டி.என்.ஏ.வைச் சிதைக்கும். பிளாஸ்டிக் உறை அதை இன்னும் விரைவாக்கும். வெயிலிலோ ஹீட்டரிலோ காயவைப்பதும் தவறு. அறை வெப்பத்தில், ஆள் தொடாத இடத்தில், ஒன்றோடொன்று உரசாமல் காய வேண்டும். அதற்கு ஒரு சிறிய தாங்கியும் பூட்டிய அலமாரியும் போதும். ரத்தம் எந்தக் குழாயில் போகிறது என்பதும் முக்கியம்: டி.என்.ஏ. ஒப்பீட்டுக்கு இ.டி.டி.ஏ. குழாய், மதுவும் மருந்தும் பார்க்கச் சோடியம் ஃப்ளோரைடு குழாய். மயக்கம் கொடுத்ததாகச் சந்தேகம் இருந்தால் சிறுநீரை உடனே பிடிக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் மருந்தின் தடம் குறைகிறது. சிறுமி கருவுற்ற வழக்கில் கருக்கலைப்புக்குப் பின் திசுவைப் பழக்க தோஷத்தில் ஃபார்மலினில் போட்டுவிட்டால், தந்தைமையை நிறுவக்கூடிய தடயம் அங்கேயே பாழாகிறது. நார்மல் சலைனில் அலசி, எந்தப் பதப்பொருளும் சேர்க்காமல், ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். சில போக்சோ வழக்குகளில் கையில் இருக்கும் ஆக வலுவான சான்று இது ஒன்றுதான்.

அடுத்து, ஆய்வக வாசலில் திரும்பும் பொட்டலங்கள். உறை முத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மாதிரி முத்திரையின் பதிவு உள்ளே இல்லை. கடிதத்தில் ஒன்பது பொருள், பெட்டியில் எட்டு. உறையில் ஒரு பெயர் எழுத்து, கடிதத்தில் வேறு. பாதிக்கப்பட்டவரின் ஒப்பீட்டு ரத்தம் இருக்கிறது, குற்றஞ்சாட்டப்பட்டவருடையது இல்லை. முதல் மூன்று காரணங்களுக்காகப் பொட்டலம் திரும்பிப் போகலாம். நான்காவது காரணத்தால் ஆய்வு பாதியில் நிற்கும்: பஞ்சுக்குச்சியிலிருந்து ஒரு ஆணின் டி.என்.ஏ. விவரம் கிடைத்திருக்கும், ஒப்பிடக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் மாதிரி இருக்காது. இந்த நிலையில் கோப்பு மாதக்கணக்கில் படுத்திருக்கும்போது, "லேபில் பெண்டிங்" என்று நிலையமும், "ஸ்டேஷனிலிருந்து பதில் வரவில்லை" என்று ஆய்வகமும் சொல்வார்கள். இருவர் சொல்வதும் உண்மை. தடம் பார்க்கும் ஏற்பாட்டில் நாங்கள் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவது இந்த ஒரு நிலையைத்தான்: "குறை சுட்டிக்காட்டப்பட்டுள்ளது, காரணம் இது, சரிசெய்ய வேண்டியவர் இந்தப் பதவியில் இருப்பவர், இந்தத் தேதிக்குள்." 'அனுப்பியாயிற்று', 'வந்துவிட்டது' என்ற இரண்டு நிலைகளோடு கட்டிய எந்த மென்பொருளும் இந்தப் பள்ளத்தை மூடாது.

எண் எப்படி இருக்க வேண்டும்? பெட்டியோடு பார்கோடு அச்சிட்ட ஒட்டிகளின் தாள் ஒன்று வரட்டும். ஒன்று பெட்டி மீது, ஒவ்வோர் உறை மீதும் அதே எண்ணின் கிளை எண், ஒன்று மருத்துவ அறிக்கையில், ஒன்று காவலர் வாங்கும் ரசீதில், ஒன்று பாதிக்கப்பட்டவருக்குத் தரும் சிறு அட்டையில். அந்த அட்டையில் மருத்துவமனைப் பெயர் வேண்டாம், காவல்துறைச் சின்னம் வேண்டாம், குற்றத்தைக் குறிக்கும் சொல் எதுவும் வேண்டாம். ஓர் எண், ஒரு ரகசியக் குறி, கேட்க ஒரு தொலைபேசி எண். பர்ஸைத் திறந்து பார்க்கும் கணவரோ மாமியாரோ அண்ணனோ அதைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாதபடி இருக்க வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு வேலை செய்யும் மருத்துவரிடம் பன்னிரண்டு கட்டம் நிரப்பச் சொல்லாதீர்கள். அவர் ஒருமுறை ஸ்கேன் செய்வார். நேரம் தானாகப் பதியட்டும். காவலர் வாங்கும்போது ஒருமுறை, ஆய்வகம் வாங்கும்போது ஒருமுறை. சிக்னல் இல்லாத மருத்துவமனையில் கருவி பதிவை வைத்திருந்து பின்னர் அனுப்பலாம். ஆனால் நிகழ்ந்த நேரம், கணினியில் ஏறிய நேரம் இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றினால் அது அப்போதே வெளிப்படும். தவறாகப் பதிந்ததைத் திருத்தினால் பழைய வரி அடித்தபடி நிற்கட்டும், மறையக்கூடாது. பெட்டியை 24 மணி நேரத்துக்குள் யாரும் வாங்க வரவில்லை என்றால் எச்சரிக்கை போக வேண்டியது நிலையக் காவல் ஆய்வாளருக்கு அல்ல, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு. 48 மணி நேரம் தாண்டினால் தடய அறிவியல் துறைக்கும் அரசு வழக்கறிஞருக்கும். தாமதத்துக்குக் காரணமான மேசைக்கே தாமத அறிவிப்பை அனுப்புவதில் பயனில்லை.

"ஏற்கெனவே கணினி முறை இருக்கிறதே" என்று தங்கள் அலுவலகத்திலேயே சொல்லக்கூடும். இருக்கிறது. பாலியல் குற்ற வழக்குகளில் விசாரணை இரண்டு மாதத்துக்குள் முடிகிறதா என்று பார்க்க 2019-இல் மத்திய உள்துறை ஒரு கண்காணிப்பு முறையைத் தொடங்கியது. காவல், நீதிமன்றம், சிறை, தடய அறிவியல், அரசு வழக்கு நடத்துகை ஆகியவற்றை இணைக்கும் ஐ.சி.ஜே.எஸ். தளத்தில் இ-ஃபோரன்சிக்ஸ் என்ற பகுதியும் உண்டு. இவை வழக்கைப் பின்தொடர்கின்றன, அதிகாரிகளுக்காக. முதல் தகவல் அறிக்கை பதிவாவதற்கு முன் மருத்துவமனை அலமாரியில் இருக்கும் பெட்டியை இவை அறியமாட்டா. பாதிக்கப்பட்டவருக்கு இவற்றில் வாசல் இல்லை. இன்னொன்றும் உண்டு. மற்ற பெரும்பாலான வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் பார்க்கலாம். பாலியல் குற்ற வழக்குகளுடையதை ஏற்றக்கூடாது என்பது விதி. அது சரியான விதி. அதன் விளைவாக, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் சன்னல்கூட இவர்களுக்கு மூடியிருக்கிறது. அதற்கு ஈடாகத் தனிச் சன்னல் ஒன்று கட்டித் தர வேண்டிய கடமை அரசுக்கு உண்டு.

அந்த விதி மீறப்பட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு 2024 டிசம்பரில் பார்த்தது. சென்னையில் ஒரு மாணவியின் வழக்கில் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, அவரை அடையாளம் காட்டும் விவரங்கள் பரவின. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே நாங்கள் கேட்கும் தளத்தில் பெயர், முகவரி, வயது, ஆதார், கைபேசி எண் எதுவும் இருக்கக்கூடாது. பெட்டி எண்ணையும் ஆளையும் இணைக்கும் தாள் வழக்குக் கோப்பில் மட்டும் இருக்கட்டும். கசிந்தாலும் அர்த்தமில்லாத எண்களே கசியும்படி முதலிலிருந்தே கட்ட வேண்டும். பிறகு பூட்டுப் போடுவது கடினம்.

குறுஞ்செய்தி அனுப்புவது எளிது, ஆனால் ஆபத்தும் அதில்தான். நம் வீடுகளில் ஒரு போன் நாலு பேர் கையில் இருக்கும். போக்சோ வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் வீட்டு ஆளாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பது வெகு சாதாரணம். எனவே தானாகச் செய்தி போகக்கூடாது. பரிசோதனை முடிந்த அன்றோ, அடுத்த சந்திப்பிலோ அவரிடமே கேட்க வேண்டும்: செய்தி வேண்டுமா, எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில், அல்லது நீங்களே கேட்டுக்கொள்கிறீர்களா, அல்லது இப்போது எதுவுமே தெரிய வேண்டாமா. மூன்றும் செல்லுபடியாகும் பதில்கள். பிறகு மனம் மாறினால் மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும். செய்தியின் வாசகம் "உங்கள் விண்ணப்பத்தில் மாற்றம் உள்ளது" என்ற அளவில் நிற்க வேண்டும். இணையம் இல்லாதவர் 181 என்ற மகளிர் உதவி எண்ணில் அழைத்து, பெட்டி எண்ணையும் ரகசியக் குறியையும் சொன்னால், பதிவுசெய்த குரலிலேயே நிலை தெரியட்டும். அட்டை தொலைந்துபோகும், நிச்சயம் தொலைந்துபோகும். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் நேரில் போய் மாற்று அட்டை வாங்க முடிய வேண்டும்.

குழந்தைகளின் அட்டை யார் கையில் என்பதைத் தளம் கட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். பெற்றோரில் ஒருவரே குற்றஞ்சாட்டப்பட்டவர் என்றால் குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் ஆதரவு நபரிடம் அது இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பும்போது பொறுப்பு அந்தப் பிள்ளைக்கு மாற வேண்டும், ரகசியக் குறியும் மாற வேண்டும். ஆண் பிள்ளைகளையும் திருநர்களையும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

ஆய்வின் முடிவு மட்டும் இந்தச் சன்னலில் தெரியக்கூடாது. "அறிக்கை தயார், நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 'விந்தணு காணப்படவில்லை' என்ற ஒரு வரியை, இரவில், தனியாக, போன் திரையில் படிக்கும் பெண், தன்னை யாரும் நம்பப் போவதில்லை என்றே எடுத்துக்கொள்வார். அந்த வரிக்கு அது பொருளல்ல. குளித்திருக்கலாம், நாள் கடந்திருக்கலாம், ஆணுறை இருந்திருக்கலாம், விந்து வெளிப்படாத வன்கொடுமையாக இருக்கலாம், குச்சி ஈரத்தில் கெட்டிருக்கலாம். முதற்கட்டச் சோதனையில் ஒன்றும் தெரியாத மாதிரியில்கூட, ஆண் குரோமோசோமை மட்டும் தேடும் ஒய்-எஸ்.டி.ஆர். முறையில் சில நேரம் விவரம் கிடைக்கும். இதையெல்லாம் அருகில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். அறிக்கை தயாரானதும் ஏழு நாளுக்குள் அரசு வழக்கறிஞரோ, பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநரோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரோ நேரில் விளக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

சட்டம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். காவல்துறை விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், மின்னணு வழியாகவும் தெரிவிக்கலாம் என்கிறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 193-ஆம் பிரிவு. இதே பிரிவு இத்தகைய வழக்குகளின் விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. ஆக, விசாரணை முடிந்து ஒரு மாதம் கழித்து வரும் ஒரே ஒரு செய்தியும் சட்டப்படி போதுமானதாகிவிடுகிறது. இறுதி அறிக்கையில் மின்னணுக் கருவி யார் யார் வசம் இருந்தது என்ற வரிசையைக் காட்டவும் அதே பிரிவு கட்டளையிடுகிறது. கைப்பற்றிய செல்போனுக்குச் சட்டம் கேட்கும் இந்த வரிசையை, ஒரு பெண்ணின் உடலிலிருந்து எடுத்த மாதிரிக்குக் கேட்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் தேவைப்பட்டிருக்கிறது. மாநில அரசு இதைவிடக் கூடுதலாகச் செய்வதற்குச் சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றைக் குறிப்பிடலாம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2009-இல் காவல்துறைக் கிடங்கு ஒன்றில் 11,000-க்கும் மேற்பட்ட தடயப் பெட்டிகள் ஆய்வுக்கே போகாமல் கிடந்தது தெரியவந்தது. அதிர்ச்சியில் பல மாநிலங்கள் எண்ணிப் பார்க்கத் தொடங்கின. மக்கள்தொகை குறைந்த ஐடஹோ மாநிலம் 2016-இல் சட்டம் செய்து, அடுத்த ஆண்டே மாநிலக் காவல்துறை உருவாக்கிய தடம் பார்க்கும் தளத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மருத்துவமனை, காவல், ஆய்வகம் மூன்றும் அதில் பதிகின்றன. பாதிக்கப்பட்டவர் பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்துப் பார்க்கிறார். அந்த மென்பொருளை மற்ற மாநிலங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பணமும் தொழில்நுட்பமும் பெரிய தடையல்ல என்பதற்கு இதைச் சொல்கிறோம். நமக்குத் தடை, நாலு துறைகள் ஒரே எண்ணை ஏற்றுக்கொள்ள வேண்டியிருப்பது. அதனால்தான் நால்வருக்கும் சேர்த்து இம்மடலை எழுதுகிறோம்.

டெட்ராய்ட் சொல்லும் இன்னொரு விஷயம் பழைய பெட்டிகள். புதிய எண் முறை தொடங்கும் நாளுக்கு முன் எடுத்தவை எங்கே இருக்கின்றன? ஒவ்வொரு மருத்துவமனைக் குளிர்பெட்டியிலும், நிலைய அறையிலும், நீதிமன்றச் சொத்து அறையிலும் ஒருமுறை கணக்கெடுத்து, மாவட்ட வாரியாக எண்ணிக்கையை வெளியிடுங்கள். ஆய்வுக்குப் போகாதவை எத்தனை, ஏன் போகவில்லை என்ற இரண்டு பத்திகள் போதும். பழையவற்றை அனுப்பும் முன் அந்தப் பெண்களிடம் போகும் முறையை நன்றாக யோசியுங்கள். ஆறு வருடம் கழிந்திருக்கலாம். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கலாம். புகுந்த வீட்டுக்குத் தெரிந்திருக்காது. சீருடையில் ஒரு காவலர் வாசலில் நின்று "உங்க பழைய கேஸ் விஷயமா" என்று தொடங்கினால் அவர் வாழ்க்கை அந்த நிமிடத்தில் கலைந்துவிடும். முதல் தொடர்பு ஆற்றுப்படுத்துநர் வழியாக, பெண் குரலில், "இப்போ பேசலாமா, பக்கத்துல யாராவது இருக்காங்களா" என்ற கேள்வியோடு தொடங்க வேண்டும். எதிர்முனையில் வேறு யாராவது எடுத்தால் விஷயத்தைச் சொல்லாமல் வைத்துவிட வேண்டும். "தெரிஞ்சுக்க விருப்பமில்லை" என்று அவர் சொன்னால் அதோடு விட வேண்டும். அதே நேரத்தில் மனம் மாறினால் கூப்பிட ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

வழக்குத் தொடர விருப்பமில்லை என்று சொல்லும் வயதுவந்தவரின் மாதிரியை மருத்துவமனை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் தீர்மானித்துத் தர வேண்டும். அதுபோலவே வழக்கு முடிந்தபின் அழிப்பதற்கும். மேல்முறையீட்டுக் காலம் கடந்து, நீதிமன்றம் உத்தரவிட்டு, அழிப்பதற்குக் குறைந்தது 60 நாள் முன்பாக அவர் தேர்ந்தெடுத்த வழியில் தகவல் போயிருக்க வேண்டும்.

தொடங்க மாநிலம் முழுதும் வேண்டாம். வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் உள்ள ஒரு மாவட்டமும், இல்லாத ஒரு மாவட்டமும் போதும். மலைக் கிராமங்கள் உள்ள மாவட்டமாக இருந்தால் நல்லது. சிக்னலும் பஸ்ஸும் இல்லாத இடத்தில் ஓடும் முறை மற்ற இடங்களில் தானாக ஓடும். ஆறு மாதம் நடத்திப் பார்த்து, மாதா மாதம் நாலு எண்களை வெளியிடுங்கள்: எடுத்த பெட்டிகள், 48 மணி நேரத்தில் ஆய்வகம் சேர்ந்தவை, குறையோடு திரும்பியவை, அறிக்கை வந்தவை. ஸ்கேன் செய்யும் காவலருக்கும் எழுத்தருக்கும் அரை நாள் பயிற்சி, பணி மருத்துவர்களுக்கும் பிரசவ வார்டு செவிலியர்களுக்கும் மாதிரி காயவைப்பது தொடங்கி முத்திரை வைப்பது வரை ஒரு நாள் பயிற்சி. இந்தப் பயிற்சிகளை நடத்தித் தரவும், படிவங்களின் வரைவைப் பார்த்துக் கருத்துச் சொல்லவும், 181-இல் பதிவாக வேண்டிய வாசகங்களை எழுதித் தரவும் எங்களில் பலர் ஊதியமின்றி வரத் தயார்.

நீதிமன்றம் கேட்ட பதிவேட்டுப் படிவத்தில் பெட்டி எண் என்ற ஒரு கட்டத்தையும், 'பாதிக்கப்பட்டவருக்கு அட்டை கொடுக்கப்பட்டதா, அவர் தேர்ந்தெடுத்த தகவல் வழி எது' என்ற ஒரு வரியையும் சேர்க்க அரசாணைகூடத் தேவைப்படாது. காவல்துறைத் தலைமை இயக்குநரின் சுற்றறிக்கை போதும். அதை முதலில் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். மற்றவற்றைப் பேச நாலு துறைகளும் ஒரே மேசையில் அமரும் கூட்டத்துக்கு ஒரு தேதி குறித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பணியாற்றும் மருத்துவர்கள், தடய அறிவியலாளர்கள், வழக்கறிஞர்கள், ஆற்றுப்படுத்துநர்கள்